பிறந்த குட்டிக்கே வயிற்றில் புழுவா? நாய்க்குட்டிக்குப் பூச்சி மருந்து எப்போது, எவ்வளவு, எத்தனை முறை?

குட்டி வீட்டுக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. வயிறு பந்து மாதிரி இருக்கிறது. 'குட்டி நல்லா கொழுகொழுன்னு இருக்கு' என்று வருகிறவர்கள் எல்லாரும் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். ஐந்தாம் நாள் காலையில் வாந்தி எடுக்கிறது. அந்த வாந்தியில் சேமியா போல வெள்ளையாக ஏதோ நெளிகிறது.

முதன்முறையாக நாய் வளர்க்கிறவர்கள் பதறிப்போகும் காட்சி இது. 'எதைத் தின்னுச்சோ தெரியலையே' என்பதுதான் உடனே வரும் பேச்சு. ஆனால், அந்தக் குட்டி எதையும் தின்றிருக்க வேண்டியதில்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போதே புழு அதன் உடம்புக்குள் வந்திருக்கலாம்.

நாய்க்குட்டிகளுக்குப் புழு எப்படி வருகிறது? மருந்தை எந்த வயதில் தொடங்க வேண்டும்? ஏன் திரும்பத் திரும்பக் கொடுக்கச் சொல்கிறார்கள்? எப்போது வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பால்குடிக் குட்டிக்குப் புழு எங்கிருந்து வருகிறது?

நாய்களைத் தாக்கும் உருளைப்புழுவின் இளம்புழுக்கள், வளர்ந்த பெண் நாயின் தசைகளில் எந்தத் தொந்தரவும் செய்யாமல் நீண்ட காலம் உறங்கிக் கிடக்கும். அந்த நாய் சினையாகும்போது அவை விழித்துக்கொள்ளும். நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். அதில் ஆறு வாரம் தாண்டியதும் இந்த இளம்புழுக்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிகளின் உடம்புக்குள் போகின்றன.

பிறந்த பிறகு அவை குட்டியின் நுரையீரலுக்கு வந்து, மூச்சுக்குழாய் வழியே மேலேறி, எச்சிலோடு விழுங்கப்பட்டு, குடலில் போய் வளர்கின்றன. அதனால் மூன்று வாரக் குட்டியின் மலத்திலேயே புழு முட்டைகள் வரத் தொடங்கிவிடும்.

இரண்டாவது வழி, தாய்ப்பால். உருளைப்புழு, கொக்கிப்புழு இரண்டின் இளம்புழுக்களும் பால் வழியாகக் குட்டிக்குப் போகும். மூன்றாவது வழி, மண். புழு முட்டை கலந்த மண்ணை நக்குவது, அந்த மண் ஒட்டிய தாயின் மடியில் வாய் வைப்பது போன்றவை. கொக்கிப்புழுவின் இளம்புழு ஈர மண்ணில் இருந்து பாதத்தின் தோலைத் துளைத்தும் உள்ளே போகும்.

'எங்க நாய்க்கு டெஸ்ட் எடுத்தோம், ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க' என்று சிலர் நினைக்கலாம். தசையில் உறங்கும் இளம்புழு மலப் பரிசோதனையில் தெரியாது. தாய் நாய் நன்றாக இருக்கிறது என்பதால் குட்டிக்குப் புழு இருக்காது என்று சொல்லிவிட முடியாது.

எந்தெந்தப் புழு, என்ன செய்யும்?

உருளைப்புழு: குட்டிகளிடம் அதிகம் பார்ப்பது இதைத்தான். வெள்ளையாக, நூடுல்ஸ் போல நீளமாக இருக்கும். குட்டி சாப்பிடும் சத்தை இது எடுத்துக்கொள்ளும். எண்ணிக்கை மிக அதிகமானால் குடலையே அடைத்துவிடும்.

கொக்கிப்புழு: ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் நீளம்தான். மலத்தில் கண்ணுக்குத் தெரிவது அபூர்வம். ஆனால் குட்டிகளுக்கு ஆபத்தானது இதுதான். குடல் சுவரைக் கடித்துப் பிடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளைக்கு 0.1 மில்லி வரை ரத்த இழப்பை ஏற்படுத்தும். கேட்கக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பில் மொத்த ரத்தமே 80 முதல் 90 மில்லிதான். நூறு புழு இருந்தால் ஒரு நாளில் 10 மில்லி வரை போய்விடும். சில நாளிலேயே குட்டி உயிரிழக்கக்கூடும்.

நாடாப்புழு: இதில் ஒரு வகை, தெள்ளுப்பூச்சி மூலம் பரவுகிறது. உடம்பு அரிக்கும்போது குட்டி கடித்து விழுங்கும் தெள்ளுப்பூச்சிக்குள் இந்தப் புழுவின் இளநிலை இருக்கும். ஆசனவாயைச் சுற்றியும் படுக்கும் துணியிலும் அரிசி மணி போலத் துண்டு துண்டாகத் தெரியும். தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வந்துவிடும்.

சாட்டைப்புழு: உடம்புக்குள் போய் முட்டையிட ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். எனவே, சின்னக் குட்டிகளிடம் இது பெரிய பிரச்சினை இல்லை.

இவை தவிர காக்சிடியா, ஜியார்டியா என்ற ஒரு செல் ஒட்டுண்ணிகளும் உண்டு. இவை புழு அல்ல, நுண்ணோக்கியில்தான் தெரியும். பூச்சி மருந்து கொடுத்த பிறகும் சளி கலந்த, நாற்றமடிக்கும் பேதி நிற்கவில்லை என்றால் இவற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு வேளை கொடுக்கும் வழக்கமான பூச்சி மருந்து இவற்றுக்குப் போதாது. மலப் பரிசோதனை செய்து, அதற்கான சிகிச்சை எடுக்க வேண்டும்.

என்னென்ன அறிகுறிகள்?

- உடம்பு இளைத்திருக்க, வயிறு மட்டும் பானை போல உப்பியிருப்பது
- நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறாதது
- ரோமம் பொலிவில்லாமல் சொரசொரவென்று இருப்பது
- பேதி, வாந்தி, அவற்றில் புழு வருவது
- இருமல் (இளம்புழுக்கள் நுரையீரல் வழியாகப் போகும்போது வரும்)
- ஈறுகள் வெளிறிப்போவது, தார் போலக் கறுப்பாக மலம் போவது (கொக்கிப்புழுவின் அடையாளம்)

குட்டியின் உதட்டை லேசாகத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளைத் தாள் மாதிரி வெளுத்திருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கறுப்பு ஈறு உள்ள குட்டி என்றால், கீழ் இமையை மெதுவாக இறக்கி உள்பக்க நிறத்தைப் பார்க்கலாம்.

அறிகுறி எதுவும் இல்லையென்றால் மருந்து தேவையில்லையா? தேவை. கொக்கிப்புழு, மலத்தில் முட்டை தெரிவதற்கு முன்பே குட்டியின் ரத்தத்தைக் குடித்துவிடும். 'புழு தெரியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று காத்திருப்பது இதனால்தான் தவறு.

எப்போது தொடங்க வேண்டும்?

பிறந்து இரண்டு வாரம் ஆனதும் தொடங்க வேண்டும். கண் திறந்து சில நாளே ஆன குட்டிக்கு மருந்தா என்று தயங்க வேண்டாம். அந்த வயதுக்கு ஏற்ற மருந்துகள் இருக்கின்றன. பொதுவாகப் பின்பற்றப்படும் அட்டவணை இது:

- 2 வாரம்: முதல் முறை
- 4 வாரம்: இரண்டாம் முறை
- 6 வாரம்: மூன்றாம் முறை
- 8 வாரம்: நான்காம் முறை
- அதன் பிறகு 6 மாதம் வரை: மாதம் ஒரு முறை
- 6 மாதத்துக்குப் பிறகு: மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அல்லது மலப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் சொல்லும் இடைவெளியில்

குட்டிக்குக் கொடுக்கும்போதே தாய்க்கும் கொடுக்க வேண்டும். குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்வதே தாய்தான். அப்போது அதன் வயிற்றுக்கும் முட்டைகளும் புழுக்களும் போகும். பிறகு அந்தத் தாயே வீடு முழுக்க முட்டையைப் பரப்பும்.

வீட்டில் நாய் சினையாக இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள். சினையின் 40-ஆம் நாளில் தொடங்கி, குட்டி போட்டு 14 நாள் வரை தினமும் ஃபென்பெண்டசோல் கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. குட்டிகளுக்குப் போகும் புழுவை இது வெகுவாகக் குறைக்கும். மருத்துவர் எடை பார்த்து அளவு சொன்ன பிறகே கொடுக்க வேண்டும்.

ஒரு தடவை கொடுத்தால் போதாதா?

போதாது. பூச்சி மருந்து குடலில் இருக்கும் புழுவைத்தான் முக்கியமாகக் கொல்கிறது. அன்றைக்கு நுரையீரலிலும் தசையிலும் பயணம் செய்துகொண்டிருக்கும் இளம்புழுக்கள் தப்பித்துவிடும். அடுத்த சில நாட்களில் அவை குடலுக்கு வந்து சேரும். போதாததற்கு, தாய்ப்பாலில் புதிதாகவும் வந்துகொண்டிருக்கும்.

எனவேதான் இரண்டு வார இடைவெளி. வந்து சேர்ந்த புழு வளர்ந்து முட்டையிடுவதற்குள் அடுத்த மருந்து போய்விட வேண்டும். ஒரு தடவை தவறினாலும் மண்ணில் முட்டை விழுந்து, சுற்று மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கும்.

என்ன மருந்து?

பைரன்டெல்: உருளைப்புழு, கொக்கிப்புழு இரண்டுக்கும் வேலை செய்யும். குடலில் இருந்து ரத்தத்துக்கு மிகக் குறைவாகவே போகும் என்பதால் இரண்டு வாரக் குட்டிக்கும் பாதுகாப்பானது. நாடாப்புழுவுக்கு வேலை செய்யாது.

ஃபென்பெண்டசோல்: உருளை, கொக்கி, சாட்டைப் புழுக்களுக்கு. ஒரே வேளையோடு நிறுத்தக்கூடாது. பொதுவாகத் தொடர்ந்து மூன்று நாள் கொடுக்க வேண்டும்.

பிராசிகுவான்டெல்: நாடாப்புழுவுக்கு. மிகச் சின்னக் குட்டிகளுக்குப் பொதுவாகத் தேவைப்படாது.

பைபரசின்: விலை குறைவான பழைய மருந்து. உருளைப்புழுவுக்கு மட்டும்தான். கொக்கிப்புழுவுக்குப் போதாது. பைரன்டெலும் இதுவும் ஒன்றின் வேலையை ஒன்று கெடுக்கும் என்பதால் சேர்த்துக் கொடுக்கக்கூடாது. முதலில் கொடுத்த மருந்தின் பெயரை எழுதி வைத்துக்கொள்வது இதற்காகவும்தான்.

கடையில் கிடைக்கும் பல மாத்திரைகள் இரண்டு, மூன்று மருந்து சேர்ந்த கலவை. அவற்றில் பெரும்பாலானவை '10 கிலோவுக்கு ஒரு மாத்திரை' என்ற கணக்கில் வளர்ந்த நாய்க்காகத் தயாரிக்கப்பட்டவை. ஒன்றரைக் கிலோ குட்டிக்கு அதை எப்படித் துல்லியமாக உடைப்பது? அதனால் குட்டிகளுக்குத் திரவ மருந்தே வசதி. எந்த வயது, எந்த எடையில் இருந்து கொடுக்கலாம் என்பதையும் அட்டையில் பாருங்கள்.

எவ்வளவு கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?

கண் மதிப்பில் கொடுக்கக்கூடாது. ஒவ்வொரு முறையும் எடை பார்க்க வேண்டும். சமையலறைத் தராசில் ஒரு கூடையை வைத்து, அதில் குட்டியை உட்காரவைத்து எடை பாருங்கள். கூடையின் எடையைக் கழித்துவிடுங்கள். குட்டிகள் வேகமாக வளர்கின்றன. இரண்டு வாரத்துக்கு முன் எழுதிக் கொடுத்த அளவு இன்றைக்குப் போதாமல் போகலாம். குறைவாகக் கொடுத்தால் புழு பிழைத்துக்கொள்ளும்.

ஒரே மருந்து ஒரு கம்பெனி பாட்டிலில் அடர்த்தி குறைவாகவும், இன்னொரு கம்பெனி பாட்டிலில் அதிகமாகவும் இருக்கும். 'பக்கத்து வீட்டு நாய்க்கு 2 மில்லி கொடுத்தாங்க' என்ற கணக்கு உங்கள் குட்டிக்கு உதவாது. உங்கள் கையில் இருக்கும் பாட்டிலைக் காட்டி, உங்கள் குட்டியின் எடையைச் சொல்லி அளவு கேளுங்கள்.

கொடுக்கும் முறை:

- பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் தங்கியிருக்கும்.
- ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து எடுங்கள். டீஸ்பூன் கணக்கு வேண்டாம்.
- குட்டியின் தலையை அண்ணாந்து பிடிக்காமல், கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். வேகமாக ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.
- பட்டினி போட வேண்டாம். சின்னக் குட்டிகளுக்குச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.
- கொடுத்த உடனே வாந்தி எடுத்தால், நீங்களாக இன்னொரு முறை கொடுக்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

மருந்து கொடுத்த பிறகு மலத்தில் புழு வந்தால்?

பயப்பட வேண்டாம். மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒன்று, இரண்டு நாள் புழு வரலாம், மலம் கொஞ்சம் இளகலாகப் போகலாம். புழு எதுவும் வராவிட்டாலும் மருந்து வீண் இல்லை. கொக்கிப்புழு கண்ணில் படாது, சில புழுக்கள் குடலிலேயே கரைந்தும் போகும்.

ஆனால் வயிறு கல் மாதிரி இறுகி, குட்டி வலியில் முனகினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புழு அதிகமாக இருந்த குட்டிக்கு, இறந்த புழுக்கள் சேர்ந்து குடலை அடைக்க வாய்ப்பு உண்டு. வயிறு ரொம்ப உப்பி, குட்டி சோர்ந்தும் இருந்தால், முதல் மருந்தை மருத்துவர் முன்னிலையில் கொடுப்பதே நல்லது.

வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுக்கலாமா?

கூடாது. தேசிய குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளுக்குக் கொடுப்பது அல்பெண்டசோல் மாத்திரை. பல வீடுகளில் அந்த மருந்து மாத்திரையாகவோ சிரப்பாகவோ மிச்சம் இருக்கும். 'குழந்தைக்கே கொடுக்கிறாங்க, நாய்க்குக் கொடுத்தா என்ன?' என்று தோன்றலாம். நாய்களுக்கு அல்பெண்டசோல் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து, ரத்த அணுக்களின் உற்பத்தியைக் குறைக்கக்கூடும். ஏற்கெனவே ரத்தம் இழந்த குட்டிக்கு இது இரட்டை அடி.

ஆடு, மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியும் வேண்டாம். பெரிய உடம்புக்காகத் தயாரான அந்த மருந்தில் ஒரு துளி கூடினாலும் சின்னக் குட்டிக்கு நரம்பு மண்டலம் பாதிக்கும். கோலி போன்ற சில இனங்களுக்கு மரபணு காரணமாகவே இந்த மருந்து அதிக அளவில் ஒத்துக்கொள்ளாது.

பூண்டு சாறு கொடுப்பது இன்னொரு பழக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேப்பிலை, பப்பாளி விதை, மஞ்சள் ஆகியவற்றை நம்பிக் காத்திருக்கும் நாட்களில் கொக்கிப்புழு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

'இனிப்பு கொடுத்தா பூச்சி வரும்' என்பதும் சரியல்ல. புழு முட்டையில் இருந்தும் இளம்புழுவில் இருந்தும்தான் புழு வரும், சர்க்கரையில் இருந்து வராது. இனிப்பு நாய்க்கு நல்லதில்லை என்பது வேறு விஷயம். அதேபோல, பசும்பால் குடித்த குட்டிக்குப் பேதியானால் அது பெரும்பாலும் பால் செரிக்காததால் வருவது. அதைப் பார்த்து மறுபடி மறுபடி பூச்சி மருந்து கொடுக்க வேண்டாம்.

எல்லாப் பேதிக்கும் காரணம் பூச்சிதானா?

இந்த இடத்தில்தான் பல குட்டிகளை இழக்கிறோம். குட்டி திடீரெனச் சாப்பாட்டை நிறுத்தி, தொடர்ந்து வாந்தி எடுத்து, துர்நாற்றத்தோடு ரத்தப் பேதி போனால் அது பார்வோ வைரஸாக இருக்கலாம். தடுப்பூசி முழுமையாகப் போடாத குட்டிகளை இது வேகமாகத் தாக்கும். 'பூச்சியாத்தான் இருக்கும், மருந்து கொடுத்துப் பார்ப்போம்' என்று வீட்டில் ஒரு நாள் போனால், அதுவே உயிரைக் காப்பாற்ற இருந்த நாளாக இருக்கலாம். பார்வோவுக்குப் பூச்சி மருந்து உதவாது. குளுக்கோஸ் ஏற்றுவது உள்ளிட்ட சிகிச்சை உடனே தேவை.

இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்:

- ரத்தப் பேதி அல்லது கறுப்பு மலம்
- வெளிறிய ஈறு
- நிற்காத வாந்தி
- உடம்பு சில்லிட்டுப் போவது
- பால்குடிக் குட்டி தாயிடம் போகாமல் ஒதுங்கிக் கிடப்பது

அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கோ மருத்துவமனைக்கோ கொண்டு செல்லலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகும்போது சின்ன டப்பாவில் ஒரு டீஸ்பூன் அளவு அன்றைய மலத்தையும் எடுத்துப் போங்கள். பரிசோதனைக்கு உதவும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால்?

நாயின் உருளைப்புழு முட்டை குழந்தையின் வாய்க்குள் போனால், அதில் இருந்து வரும் இளம்புழு கல்லீரல், நுரையீரல் என்று உடம்புக்குள் அலையும். கண்ணுக்குப் போனால் பார்வையைப் பாதிக்கும். மண்ணைத் தின்னும், கை சூப்பும் வயதில் உள்ள குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். கொக்கிப்புழுவின் இளம்புழு, வெறுங்காலின் தோலுக்குள் புகுந்து வளைந்து வளைந்து போகும் அரிப்புத் தடிப்பை உண்டாக்கும்.

அதற்காகக் குட்டியைத் துரத்த வேண்டியதில்லை. உருளைப்புழுவின் முட்டை மலத்தோடு வெளியே வந்த உடனே தொற்றாது. மண்ணில் சில வாரம் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தொற்றும். கொக்கிப்புழுவுக்கு ஒரு வாரமே போதும். அதனால், மலத்தை அன்றன்றே அள்ளி அப்புறப்படுத்துவதுதான் மிகப் பெரிய பாதுகாப்பு.

உருளைப்புழு முட்டையின் ஓடு கெட்டியானது. மண்ணில் ஆண்டுக்கணக்கில் தாங்கும். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் அதை நம்பகமாகக் கொல்லாது. குட்டி இருக்கும் தரையைத் தேய்த்துக் கழுவி, குட்டி அருகில் இல்லாதபோது கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரமும் நிழலும்தான் கொக்கிப்புழுவின் இளம்புழுவுக்குப் பிடித்தவை. குட்டியோடு விளையாடிய பின் சோப்புப் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள்.

குட்டி வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

'பூச்சி மருந்தெல்லாம் கொடுத்தாச்சு சார்' என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். என்ன மருந்து, எந்தத் தேதி, அன்றைக்கு என்ன எடை, மொத்தம் எத்தனை முறை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தாய்க்குக் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள்.

நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை தொடர்பான 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி, 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. முறையாகப் பார்த்தால் 8 வாரத்துக்குள் நான்கு முறை மருந்து போயிருக்க வேண்டும். ஆனால் 30, 40 நாள் குட்டிகளே கைமாறுவதும் நடக்கிறது. விவரம் எதுவும் இல்லை என்றாலும், தெருவில் இருந்து எடுத்து வந்த குட்டி என்றாலும், மருந்தே கொடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டி முதலில் இருந்து தொடங்குவதுதான் பாதுகாப்பு. தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்பு பூச்சி மருந்து கொடுத்துவிடுவது வழக்கம். அந்தத் தேதியையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிரிஞ்ச், ஒரு தராசு, காலண்டரில் குறித்து வைத்த தேதிகள். செலவு பெரிதில்லை. தேதி தவறாமல் பார்த்துக்கொண்டாலே, கண்ணுக்குத் தெரியாத புழுவுக்குக் குட்டியைப் பறிகொடுக்கும் நிலையைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.